அரளியும் கொல்லும், நித்யகல்யாணியும் கொல்லும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. போன இதழ்ல நித்யகல்யாணி பத்தி நாலு வரி எழுதினதுதான் காரணம்னு நெனைக்கிறேன், அதனால ரசப்பொடி ஏன் கட்டி தட்டுது, பித்தளை ஏன் பச்சையாகுதுங்கற கேள்விகளை எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி: மேடம், எங்க வாசல்ல நித்யகல்யாணி பூத்துக் கெடக்கு. இதுலருந்துதான் ப்ளட் கேன்சருக்கு மருந்து எடுக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. தினம் வெறும் வயித்துல நாலு இலை மென்னு முழுங்கினா கேன்சர் வராம தடுக்குமா? பக்கத்து வீட்டு அக்கா சுகருக்கும் இதையேதான் சொல்றாங்க.

வேண்டாம்மா. ஆடு மாடு கூட வாய் வைக்காத செடி அது, அதுங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாம இருக்கலாமா?

ஆனா உங்க பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுலருந்துதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது, அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க. 1952-ல ஜமைக்காவுலருந்து ஒரு கவர்ல இந்தச் செடியோட 25 இலைய கனடாவுல இருந்த கிளார்க் நோபிள்ங்கற டாக்டருக்கு அனுப்பினாங்க, எங்க ஊர்ல சுகருக்கு இதைத்தான் டீ போட்டு குடிக்கறோம்னு. அவர் அதை வெஸ்டர்ன் ஒன்டாரியோ யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட குடுத்தார். ராபர்ட் அந்த இலைச் சாறை எலிக்கு வாய் வழியா குடுத்துப் பார்த்தார், சுகர் பெரிசா எதுவும் மாறல. சரின்னு ஊசியில ஏத்தினார், எலிங்க ஒரு வாரத்துக்குள்ள செத்துப் போச்சு, உடம்பு பூரா சீழ்க்கட்டி. இங்கதான் பல பேர் குப்பையில போட்டுட்டு வேற வேலை பார்த்திருப்பாங்க. இவங்க எலி ஏன் செத்துச்சுன்னு தோண்டினாங்க. பார்த்தா ரத்தத்துல வெள்ளை அணு விழுந்து போயிருக்கு, எலும்பு மஜ்ஜை அடிபட்டிருக்கு, கிருமிய எதிர்க்க ஆளே இல்லாம சாதாரண பாக்டீரியா உள்ள புகுந்து முடிச்சிருக்கு. வெள்ளை அணு அளவுக்கு மீறி பெருகறதுதானே ப்ளட் கேன்சர், அப்போ இதைக் குறைக்கற சரக்கு அங்க உதவுமேன்னு யோசனை போச்சு. சார்லஸ் பியர்ங்கற கெமிஸ்ட் வந்து சேர்ந்து அந்தச் சரக்கைத் தனியா பிரிச்சு எடுத்தார், அதுதான் வின்பிளாஸ்டின், 1958-ல வெளிய சொன்னாங்க. அதே சமயத்துல அமெரிக்காவுல எலை லில்லி கம்பெனியும் இதே செடிய குடைஞ்சிட்டிருந்தாங்க, அங்கேருந்து வின்கிரிஸ்டின் வந்துச்சு, 1963-ல அமெரிக்க அரசு அனுமதி. குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற லுக்கீமியா (ப்ளட் கேன்சர்) வகைக்கு இன்னைக்கும் அது இல்லாம சிகிச்சை கெடையாது.

இப்போ உங்க நாலு இலைக்கு வருவோம். ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காஞ்ச இலை வேணும். வின்கிரிஸ்டின் இலையில அதைவிடக் கம்மி. நாலு இலையில மருந்து அளவு எதுவும் வராது, வந்தாலும் வாய் வழியா போனா எலிக்கு ஆன மாதிரிதான், ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த இலையில இது மட்டுமா இருக்கு, நூத்துக்கும் மேல ஆல்கலாய்டு (செடி தயாரிக்கற வீரியமான ரசாயனம்) இருக்கு, பிரஷரை இறக்கறது ஒண்ணு, வேற எதையோ பண்றது ஒண்ணு. மருந்தை விட்டுட்டு மத்த சரக்கை எல்லாம் முழுங்கற மாதிரி. நம்ம தென் மாவட்டங்கள்ல, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில இதைப் பயிரே பண்றாங்க, இலையும் வேரும் மூட்டை மூட்டையா மருந்து கம்பெனிக்குப் போகுது. மூட்டை கணக்குல போனாத்தான் மில்லிகிராம் கணக்குல திரும்பி வரும். வின்கிரிஸ்டின் ஒரு வேளை ஊசியில வழக்கமா அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான், அதுக்கு மேல போனா கை கால் நரம்பு மரத்துப் போயிரும். தப்பித்தவறி முதுகுத்தண்டு ஊசியா போட்டுட்டா உயிரே போயிரும், அதனால ஆஸ்பத்திரியில அதை எப்படி எடுத்து எங்க வைக்கணும்ங்கறதுக்கே தனி விதி இருக்கு. வாசல்ல இருக்கறது அழகான பூ. பூவாவே இருக்கட்டும்.

சேலத்திலிருந்து எம்.எஸ்சி. மாணவர்: மேடம், ப்ராஜெக்ட்டுக்காக ஒரு மூலிகை இலைய மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட் எடுத்து எம்சிஎஃப்-7 செல்லுல எம்டிடி டெஸ்ட் பண்ணேன். ஐசி 50 மதிப்பு மில்லிக்கு 280 மைக்ரோகிராம் வந்துச்சு. கைட் 'சிறந்த புற்றுநோய் எதிர்ப்புத் திறன்'னு எழுதச் சொல்றார். எழுதலாமா? அடுத்து காம்பவுண்ட் பிரிக்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கணும்?

தம்பி, கேள்வியிலேயே உனக்குப் பதில் தெரியும்னு தெரியுது, சந்தேகம் வந்ததே பெரிய விஷயம்.

மத்த வாசகர்களுக்காக முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். எம்சிஎஃப்-7ங்கறது லேப்ல வளர்க்கற மார்பகக் கேன்சர் செல்லு, எம்டிடிங்கறது எவ்வளவு செல்லு உயிரோட இருக்குன்னு அளக்கற டெஸ்ட். பல்லாங்குழி பலகைய நினைச்சுக்கோங்க, அதுல 14 குழி, இதுல 96 குழி, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலயும் அஞ்சாயிரம் பத்தாயிரம் கேன்சர் செல்லைப் போட்டு ராத்திரி பூரா விட்டா அடியில போய் ஒட்டிக்கும். மறுநாள் செடிச் சாறை வேற வேற அளவுல குழிக்குழியா விடணும், 24 மணி நேரமோ 48 மணி நேரமோ கழிச்சு எம்டிடின்னு ஒரு மஞ்சக் கரைசல் விடணும். உயிரோட இருக்கற செல்லு மட்டும் அந்த மஞ்சளை ஊதா நிற கிறிஸ்டலா மாத்தும். அதை டிஎம்எஸ்ஓங்கற சால்வென்ட்டுல (கரைப்பான்) கரைச்சு மெஷின்ல வச்சு எவ்வளவு ஊதான்னு அளந்தா எவ்வளவு பேர் பொழைச்சிருக்காங்கன்னு கணக்கு வந்துரும். பாதிப் பேர் போயிட்ட அளவுதான் ஐசி 50. ஊதா குறைஞ்சா சந்தோஷம். 1983-ல மோஸ்மன்ங்கறவர் கொண்டு வந்தது, மலிவு, சுலபம், அதனால நம்ம ஊர் காலேஜ் லேப்ல எல்லாம் இதுதான் ஓடுது.

இப்போ உன் 280. அமெரிக்க தேசிய கேன்சர் நிறுவனத்துல செடிகளைச் சலிச்சப்போ வச்ச அளவுகோல், எதையும் பிரிக்காத முழுச் சாறுன்னா மில்லிக்கு 20லருந்து 30 மைக்ரோகிராமுக்குள்ள பாதி செல் சாகணும், பிரிச்செடுத்த சுத்தமான காம்பவுண்டுன்னா 4-க்குள்ள. உன்னுது அதுக்குப் பத்து மடங்கு தள்ளி நிக்குது. இன்னொரு கணக்கும் போட்டுப் பாரு, மனுஷனுக்கு ரத்தம் அஞ்சு லிட்டர், அதுல மில்லிக்கு 280 மைக்ரோகிராம் இருக்கணும்னா ரத்தத்துல மட்டுமே ஒரே நேரத்துல 1.4 கிராம் மிதக்கணும், ரத்தத்தோட நிக்காம சதை கொழுப்புன்னு பரவுறது தனி, குடல்ல உறிஞ்சாம வெளிய போறது தனி, ஈரல் உடைச்சுத் தள்றது தனி. டாக்ஸால் மாதிரி நிஜ மருந்தெல்லாம் மில்லிக்கு சில நானோகிராம்லயே வேலையக் காட்டும். உப்பும் சர்க்கரையும் கூட அளவுக்கு மேல போட்டா செல்லு செத்துரும்பா. 'சிறந்த'ங்கற வார்த்தைய எடுத்துட்டு 'குறைந்த செயல்திறன்'னு எழுது, கைட் கோவப்பட்டா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் காட்டு.

அதை எழுதறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பண்ணியான்னு பாரு. செல்லே இல்லாத குழியில உன் சாறையும் எம்டிடியையும் மட்டும் விட்டுப் பாத்தியா? பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு இருக்கற சாறுன்னா செல்லோட உதவியே இல்லாம அதுவே மஞ்சளை ஊதாவாக்கிரும், அப்போ செத்த செல்லும் உயிரோட இருக்கற மாதிரி தெரியும். ரெண்டாவது, பக்கத்துல டாக்ஸோரூபிசின் மாதிரி தெரிஞ்ச கேன்சர் மருந்தை வச்சியா? மூணாவதுதான் முக்கியம், நல்ல செல்லுலயும் போட்டியா? கேன்சர் செல்லைக் கொல்றது பெரிய வித்தை இல்ல, பினாயிலும் கொல்லும். எதை விட்டு வச்சதுங்கறதுதான் கேள்வி.

சரி, பிரிக்கறது, அதாவது சாறுக்குள்ள வேலை செய்யற சரக்கை மட்டும் தனியா எடுக்கறது. இலைய நிழல்ல காயவச்சு (வெயில்ல போட்டுடாதே) பொடிச்சு, சாக்ஸ்லெட்ல ஏத்து. சாக்ஸ்லெட்டைப் பக்கத்துல உக்காந்து பார்த்தவங்களுக்குத்தான் அதோட சுகம் தெரியும், கீழ குடுவையில சால்வென்ட் கொதிச்சு ஆவியாகி மேல போய் குளிர்ந்து பொடி மேல சொட்டுச் சொட்டா விழுந்து நிரம்பி, ஒரு மட்டம் வந்ததும் 'குடுக்'னு ஒரே மூச்சுல கீழ இறங்கும், திரும்ப முதல்லருந்து. 1879-ல பால்ல இருக்கற கொழுப்பை அளக்கறதுக்காக சாக்ஸ்லெட்டுங்கற ஜெர்மன்காரர் செஞ்ச சாமான், இன்னைக்கும் மாத்தாம ஓடுது. முதல்ல ஹெக்சேன், அதுல எண்ணெய்ப் பசை, மெழுகு போகட்டும், அப்புறம் எத்தில் அசிடேட், கடைசியில மெத்தனால். சூடு தாங்காத சரக்குன்னு சந்தேகம் இருந்தா சாக்ஸ்லெட் வேண்டாம், சும்மா ஜாடியில மூணு நாள் ஊறப்போடு போதும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா செல்லுல போட்டுப் பாரு, எதுல உயிர் இருக்கோ அதை மட்டும் காலம்ல (சிலிக்கா நிரப்பின கண்ணாடிக் குழாய்) ஏத்து, திரும்ப டெஸ்ட், திரும்ப காலம். செல்லு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற திசையில போகணும், அழகா கிறிஸ்டல் வருதேன்னு அந்தப் பக்கம் போயிடக் கூடாது.

இதை ஏன் சொல்றேன்னா நான் போனேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதுசுல எட்டு மாசம் ஒரே செடி, காலம்ல சிலிக்கா நிரப்பும்போது நடுவுல காத்துக் குமிழி மாட்டி விரிசல் விட்டு மூணு தடவை கொட்டிட்டு மறுபடி போட்டு, கடைசியில 40-ஆவது டெஸ்ட் டியூப் பக்கம் வெள்ளை வெளேர்னு ஊசி ஊசியா கிறிஸ்டல் எறங்குச்சு, ஹாஸ்டல்ல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தேன். மறுநாள் உருகுநிலை பார்த்தா 136 டிகிரி. என் சீனியர் அக்கா எட்டிப் பார்த்துட்டு "பீட்டா சிட்டோஸ்டீரால்டி, எந்தச் செடியப் பிழிஞ்சாலும் அதுதான் வரும், புல்லுல கூட இருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. இதுக்கு அப்புறம் இன்னொண்ணு, எண்ணெய் மாதிரி ஒரு ஃபிராக்‌ஷன் வந்து, மூலக்கூறோட அமைப்பைக் காட்டற என்எம்ஆர் மெஷின்ல புது காம்பவுண்ட் மாதிரி ஜொலிச்சுது, அது பிளாஸ்டிக் டியூப்லருந்து சால்வென்ட்டுல கரைஞ்சு வந்த தாலேட், பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கற சரக்கு. இன்னைக்கும், சாறுல என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடற ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டை மெஷின் சொன்னபடியே நம்பி, பிளாஸ்டிக்ல இருந்து வந்ததை மூலிகையோட மகிமைன்னு அச்சுல போட்ட கட்டுரைங்க நெறைய கெடக்கு. நீ கண்ணாடிச் சாமான்லயே வேலை பாரு. டிஎம்எஸ்ஓ ஏசி ரூம்ல உறைஞ்சு கல்லாயிடும், 18 டிகிரிக்குக் கீழ போனாலே அது அப்படித்தான், கெட்டுப் போச்சுன்னு புதுசு வாங்கிடாதே, கையில பிடிச்சா உருகிரும்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: முள்ளு சீதாப்பழம் கீமோவை விட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது, மருந்து கம்பெனிகள் மறைச்சுட்டாங்கன்னு எங்க வாக்கிங் க்ரூப்ல தினமும் வருது. உண்மையா?

மறைக்கல ஐயா, அச்சுப் போட்டே வெளியிட்டாங்க. 1996-ல அமெரிக்காவுல பர்டியூ யுனிவர்சிட்டிக்காரங்க முள்ளு சீதா விதையிலருந்து சிஸ்-அன்னோனாசின்னு ஒரு காம்பவுண்டைப் பிரிச்சு, தட்டுல வளர்த்த ஒரே ஒரு வகை குடல் கேன்சர் செல்லுல போட்டப்போ அட்ரியாமைசின்ங்கற கேன்சர் மருந்தை விட 10,000 மடங்கு வீரியம்னு வந்துச்சு. 10,000 அங்கேருந்து வந்த எண்தான். அந்த வாக்கியத்துலருந்து விதை, பிரிச்செடுத்த காம்பவுண்ட், ஒரே வகை செல், தட்டு எல்லாத்தையும் வழியில ஒவ்வொண்ணா கழட்டிட்டு "பழம் கீமோவை விட"ன்னு மட்டும் உங்க க்ரூப்புக்கு வந்து சேர்ந்திருக்கு.

அந்தக் காம்பவுண்ட் என்ன பண்ணுதுன்னு பார்த்தீங்கன்னா, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவோட முதல் கதவைச் சாத்துது. அந்தக் கதவு கேன்சர் செல்லுல மட்டுமா இருக்கு? மூளை நரம்புலயும் அதேதான். கரீபியன்ல குவாடலூப்னு ஒரு தீவு, அங்க ஜனங்க இந்தப் பழமும் இலை டீயும் வழக்கமா சாப்பிடறவங்க, வழக்கமான மருந்துக்குக் கேக்காத ஒரு மாதிரி பார்கின்சன் அங்க அதிகமா இருக்கறதை 1999-ல டாக்டருங்க கவனிச்சு சீதா குடும்பத்து மேலதான் சந்தேகப்பட்டாங்க. நம்ம கிராமத்துல சீதாக்கொட்டைய அரைச்சு பேனுக்குப் போடுவாங்க, கண்ணுல பட்டுடப் போகுதுன்னு பாட்டி கத்துவாங்க, ஞாபகம் இருக்கா? அதே குடும்பத்துச் சரக்குதான். ஆசைக்கு ஒரு பழம் சாப்பிடறதுக்கு நான் எதுவும் சொல்லல, தினம் இலைக் கஷாயம் வேண்டாம்.

விருத்தாசலத்திலிருந்து: என் தாத்தா நாட்டு வைத்தியர். எருக்கும் அரளியும் புத்தை (புற்று) அறுக்கும்பார். இன்டர்நெட்ல தேடினா எலியில டெஸ்ட் பண்ணி நிரூபிச்சிருக்காங்கன்னு வருது. ஏன் மருந்தா வரல?

நல்ல இடத்துல கை வச்சிருக்கீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

அரளி, எருக்கு ரெண்டுலயும் இதயத்தைத் தாக்கற கிளைக்கோசைடுங்க இருக்கு. மனுஷக் கேன்சர் செல்லுல போட்டா பிரமாதமா கொல்லும், சும்மா இல்ல, நானோ அளவுலயே. நல்ல மனுஷ செல்லையும் அதே மாதிரி கொல்லும், ஏன்னா அது அடிக்கறது எல்லா செல்லுலயும் சோடியத்தை வெளிய தள்ளற சோடியம் பம்ப்பை. இதுல எலி எங்க வருதுன்னா, எலியோட சோடியம் பம்ப் வடிவம் கொஞ்சம் வேற, இந்தச் சரக்கு அதுல சரியா ஒட்டாது, எலி செல்லு மனுஷ செல்லை விட நூறு மடங்கு ஆயிரம் மடங்கு தாங்கும். இப்போ ஆராய்ச்சி எப்படி நடக்கும்? மனுஷக் கேன்சர் கட்டிய சுண்டெலி முதுகுல வளர்ப்பாங்க, அரளிச் சரக்கை ஊசி போடுவாங்க. கட்டி மனுஷ செல்லு, அது செத்துரும், எலி எலி செல்லு, ஜம்முனு ஓடும். பார்க்கறவனுக்கு ஆஹா, கேன்சரை மட்டும் குறிபார்த்து அடிக்குதுன்னு தோணும். அதே அளவை மனுஷனுக்குக் குடுத்தா கட்டிக்கு முன்னாடி இதயம் நின்னுடும். மருந்தா வராம நிக்கறது இங்கதான். உங்க தாத்தா எந்த அளவுல, எதோட சேர்த்து, எதை சுத்தி பண்ணிக் குடுத்தார்னு எழுதி வச்சிருந்தா பத்திரமா வச்சுக்கோங்க, செஞ்சு மட்டும் பாக்காதீங்க.

மதுரையிலிருந்து ஆசிரியை: கேன்சர் மருந்துன்னாலே வெள்ளைக்காரங்க பேராவே வருதே, நம்மாளுங்க யாரும் இல்லையா?

ஏன் இல்லாம. மகாராஷ்டிராவுல நந்துர்பார்ல பொறந்த மன்சுக் வானி, அமெரிக்காவுல வட கரோலினாவுல மன்ரோ வால்ங்கறவரோட சேர்ந்து ரெண்டு பெரிய காம்பவுண்டைப் பிரிச்சார், கேம்ப்டோதெசின், டாக்ஸால். டாக்ஸால் கதை தெரியும்ல? 1962 ஆகஸ்ட்ல வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுல பசிபிக் யூங்கற மரத்தோட பட்டைய அரசாங்கத் தாவரவியல்காரர் ஒருத்தர் எடுத்து அனுப்பினார், இவங்க 12 கிலோ பட்டையிலருந்து எடுத்தது அரை கிராம். அமைப்பைக் கண்டுபிடிச்சு 1971-ல எழுதினாங்க, யாரும் பெரிசா கண்டுக்கல, தண்ணியில கரையாது, மரம் மெதுவா வளரும், பட்டைய உரிச்சா மரம் செத்துப் போகும். 1979-ல சூசன் ஹார்விட்ஸ், இது செல்லு ரெண்டா பிரியறதுக்குக் கட்டற சாரத்தைப் பிரிக்க விடாம இறுக்கிப் பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. நித்யகல்யாணி மருந்து அந்தச் சாரத்தைக் கட்டவே விடாது, இது கட்டினதை அவுக்க விடாது, ரெண்டு வழியிலயும் செல்லு நடுவழியில மாட்டிக்கும். அப்புறம்தான் எல்லாருக்கும் ஆசை வந்துச்சு. 1992-ல அனுமதி. பட்டை உரிச்ச நாள்லருந்து 30 வருஷம். மரத்தை வெட்டியே தீர்த்துருவாங்களோன்னு சண்டை வந்து, அப்புறம் ஐரோப்பிய யூ மரத்தோட இலையிலருந்து பாதி வரைக்கும் எடுத்து மீதிய லேப்ல செஞ்சுக்கலாம்னு வழி கண்டுபிடிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. இலை திரும்ப முளைக்கும், பட்டை முளைக்காது.

கேம்ப்டோதெசின்ல நம்ம சென்னைக்காரர் ஒருத்தர் இருக்கார், டி.ஆர். கோவிந்தாச்சாரி. பிரசிடென்சி காலேஜ்ல இருந்தவர், அப்புறம் பம்பாயில சீபா மருந்துக் கம்பெனியோட ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். வானியும் வாலும் 1966-ல சீன மரத்துலருந்து எடுத்த கேம்ப்டோதெசினை, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற ஒரு மரத்துல இன்னும் தாராளமா இருக்குன்னு 1972-ல விஸ்வநாதனோட சேர்ந்து காட்டினார். மராட்டியில நர்க்யாம்பாங்க, பூ நாத்தம் குடலைப் புரட்டும். அப்படிக் காட்டினதோட விலையும் அந்த மரம்தான் குடுத்துச்சு, வெட்டி வெட்டி ஏத்தி அனுப்பி பல இடத்துல மரமே அருகிப் போச்சு. இன்னொரு பக்கம், அந்தக் காம்பவுண்டைத் தண்ணியில கரைய வைக்கறதுக்காக உப்பா மாத்தி 1970-கள்ல மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்தப்போ சிறுநீர்ப்பையில ரத்தம், நிறுத்திட்டாங்க. தட்டுல ஜெயிச்சு, எலியில ஜெயிச்சு, மனுஷன்ல தோத்த சரக்கு. 1985 வாக்குல அது எந்த என்சைமைப் பிடிக்குதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் மூலக்கூறை அங்கங்க தட்டி நிமிர்த்தி 1996-ல டோப்போடெகான், ஐரினோடெகான்னு ரெண்டு மருந்தா திரும்ப வந்துச்சு. நம்ம பசங்களுக்கு நான் பாடம் எடுக்கும்போது டாக்ஸாலை விட இதைத்தான் அதிகமா சொல்வேன்.

பெயர் வேண்டாம், புதுச்சேரி: என் பொண்ணு லேப்ல சேர்ந்திருக்கா, 'ஹீலா செல்லு, எம்சிஎஃப் செல்லு'ன்னு வீட்டுல பேசறா. இதெல்லாம் யாரோட செல்லும்மா? செத்தவங்களோடதா?

ஆமாம்மா. ஹீலா, ஹென்ரியேட்டா லாக்ஸ்ங்கற கறுப்பினப் பெண்ணோடது, 1951-ல பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்குப் போனவங்க, 30 வயசு, அஞ்சு புள்ளைங்க. அவங்ககிட்ட கேக்காமலே கட்டியிலருந்து ஒரு துணுக்கு எடுத்து வளர்த்தாங்க, அது நிக்காம வளர்ந்துச்சு, இன்னும் வளருது. அந்த வருஷம் அக்டோபர்லயே அவங்க போயிட்டாங்க, குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எம்சிஎஃப்-7, மிச்சிகன்ல மார்பகக் கேன்சர் வந்த ஒரு கன்னியாஸ்திரியோட நெஞ்சுல சேர்ந்த நீர்லருந்து 1970-ல எடுத்தது. நம்ம நாட்டுல பெரும்பாலான லேப்புக்கு புனேவுல இருக்கற தேசிய செல் அறிவியல் மையத்துலருந்துதான் இதெல்லாம் வருது.

ஹீலா ரொம்ப முரட்டுச் செல்லு, பக்கத்துக் குடுவைக்குத் தாவி அங்க இருக்கறதை அடக்கிட்டு அது பேர்லயே வாழ ஆரம்பிச்சுரும். டாக்ஸால் பட்டைச் சாறை 1964-ல முதல்ல டெஸ்ட் பண்ணது கேபின்னு ஒரு செல்லுல, வாய்ப் பகுதிக் கேன்சர் செல்லுன்னு நம்பிட்டு இருந்தாங்க, பின்னாடி பார்த்தா அதுவும் ஹீலாதான். யாரோ ஒரு அம்மா, உங்க பொண்ணு வேலை பார்க்கற மேஜை வரைக்கும் வந்துட்டாங்க பாருங்க. அவகிட்ட சொல்லுங்க, பேர் எழுதின ஸ்டிக்கரை மட்டும் நம்பாம செல்லோட அடையாளத்தை டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லி.

திருநெல்வேலியிலிருந்து: அம்மாவுக்கு டாக்ஸால் கீமோ ஓடிட்டிருக்கு. கூடவே மஞ்சள்-மிளகு கேப்சூல் குடுக்கலாமான்னு உறவுக்காரங்க கேக்கறாங்க. இயற்கைதானே?

டாக்ஸாலும் இயற்கைதான் தம்பி, மரப்பட்டை.

குழம்புல போடற மஞ்சளும் ரசத்துல போடற மிளகும் பிரச்சினை இல்ல, கேப்சூல் வேற. மஞ்சள்ல இருக்கற குர்குமின் தட்டுல எல்லாத்தையும் கொல்ற மாதிரி தெரியும், ஆனா அதுவே மஞ்ச நிறம், அதுவே ஒளிரும், கண்ட புரோட்டீன்லயும் ஒட்டும், பாதி டெஸ்ட்டை அதுவே ஏமாத்திரும். உடம்புக்குள்ள போனா குடலும் ஈரலும் உடனே வெளிய தள்ளிரும். 1998-ல பெங்களூர்ல மிளகோட பைப்பரினைச் சேர்த்துக் குடுத்தப்போ மனுஷ ரத்தத்துல குர்குமின் 20 மடங்கு ஏறுச்சு, அதைத்தான் விளம்பரத்துல போடறாங்க. எப்படி ஏறுச்சு? ஈரல் வெளிய தள்ற வேலைய மிளகு தடுக்குது. அதே ஈரல்தான் அம்மாவோட டாக்ஸாலையும் உடைச்சு வெளிய தள்ளணும். அந்த வேலை தடைபட்டா மருந்து கணக்குக்கு மேல ரத்தத்துல தங்கும், வெள்ளை அணு விழும், கை கால் மரமரப்பு கூடும். குடுக்காதீங்க. ஏற்கெனவே குடுத்திருந்தா மறைக்காம அடுத்த கீமோவுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லுங்க, பேர் மட்டும் சொன்னா பத்தாது, டப்பாவையே கையோட எடுத்துட்டுப் போங்க.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: போன இதழ்ல வின்கிரிஸ்டின் டோஸ் '2 கிராம்'னு போட்டிருந்தீங்களே, சரியா?

தப்பு, தப்பு, தப்பு. 2 மில்லிகிராம். நான் எழுதிக் குடுத்தது சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்ல ஆசை, ஆனா எடுத்துப் பார்த்தா என் கையெழுத்துலயே 'மி' விட்டுப் போயிருக்கு. ஆயிரம் மடங்கு. கவனிச்சு எழுதினதுக்கு நன்றி ஐயா, அந்தப் பக்கத்தை வெட்டி வச்சிருக்கறவங்க பேனாவால திருத்திக்கோங்க.